ஆரத்தி சிந்திய கம்பளம்

சோப்பைப் போட்டதும் சிவந்துவிட்டது.

கிணற்றடிப் பாறையில் நானும் அத்தையும் எதிரெதிரே குந்தியிருந்தோம். நடுவில் பெரிய மாமாவின் கம்பளம் கிடந்தது. முதல் நாள் மாலை மோர் ஊற்றி ஒற்றியெடுத்ததில் சிவப்பெல்லாம் போய் லேசான மஞ்சள் மட்டும்தான் மிச்சம் இருந்தது. இதையும் போக்கிவிட்டால் தீர்ந்தது என்று பார் சோப்பை எடுத்து அத்தை இரண்டு இழுப்பு இழுத்தார். அவர் கைக்கு அடியிலேயே மஞ்சள் மறைந்து ரத்தச் சிவப்பு எழுந்து வந்தது.

அத்தை கையை எடுத்துவிட்டார். சோப்பு வழுக்கிக்கொண்டு போய்க் கிணற்று மேட்டில் நின்றது.

"அம்மிணி, இது கறையில்ல. திரும்பி வந்திருக்குது பாரு."

"என்னுங்கத்தை திரும்பி வந்திருக்குது?"

"போக்கி உட்ட திருஷ்டி."

எனக்குக் கல்யாணமாகி அப்போது முழுதாக ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. மாமியார் சொல்வதற்குச் சிரிக்கலாமா கூடாதா என்பதே பிடிபடாத பருவம். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. சோப்பு பட்ட இடம் அப்படிச் சிவந்ததைப் பார்த்து நானும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

கம்பளம் வந்த வழி

எழுபதுகளில், கேரள எல்லையில் வேலந்தாவளத்தைச் சுற்றிய எங்கள் ஊர்களில் கம்பளம் என்ற பொருளைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். விசேஷத்துக்கு ஜமக்காளம், மற்ற நாளுக்குப் பாய், விருந்தாளிக்குக் கயிற்றுக் கட்டில். அதற்கு மேல் யாரும் ஆசைப்பட்டதில்லை.

பெரிய மாமா, அதாவது என் மாமனாரின் அண்ணன், மாட்டு வியாபாரம் செய்தவர். சந்தையில் நல்ல கறவையாகப் பார்த்துப் பிடித்து, லாரியில் ஏற்றி, பீர்மேட்டு மலைத் தேயிலைத் தோட்டத்து பங்களாக்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டபோது, அவர் மனைவி இந்தக் கம்பளத்தைப் பெரிய மாமாவுக்குக் கொடுத்தாராம். காரணம், இவர் கொடுத்த பசு அந்த அம்மாளை ஒருநாளும் உதைத்ததில்லையாம். கதை எவ்வளவு தூரம் நிஜமோ தெரியாது. பெரிய மாமா மாட்டைப் பற்றிச் சொல்வதில் பாதிக்கு மேல் யாரும் நம்புவதில்லை.

கம்பளம் என்னவோ நிஜம். சந்தன நிறம், ஓரத்தில் நீலப் பூக்கள், கால் வைத்தால் கணுக்கால் வரைக்கும் மெத்தென்று இருக்கும். மேகத்துக்குள்ளேயே கிடந்த பொருளாதலால் எங்கள் ஊர் வெயிலிலும் ஈர வாசனை போகாமல் இருந்தது. பெரிய மாமா அதை யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டார். கேட்டால் மாட்டைக்கூடக் கொடுப்பார், கம்பளத்தைக் கொடுக்கமாட்டார் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அப்பேர்ப்பட்டவர், நாங்கள் கேட்காமலேயே, என் நாத்தனார் சரசுவின் நிச்சயதாம்பூலத்துக்கு அதை வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். வண்டிக்காரர் சொன்ன சேதி இவ்வளவுதான்: "மாப்பிள்ளை ஊட்டாரு வெறுந்தரையில உக்காரப்படாதுன்னு சொல்லச் சொன்னாருங்க. அடுத்த சந்தைக்கு வண்டி இப்பிடித்தான் போகும், அப்பக் குடுத்தாப் போதுமாமுங்க."

அத்தை அந்த இடத்திலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏனென்று புதிதாக வந்த எனக்கே தெரியும்.

இரண்டு வீடு, ஒரு கிணறு

அண்ணன் தம்பி பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. எல்லாம் கிணற்றுத் தண்ணீரால் வந்த வினை. ஒரே கிணறு, இந்தப் பக்கம் எங்கள் களமும் வயலும், அந்தப் பக்கம் அவர் தென்னந்தோப்பு. ஒரு கோடையில் யார் முறைக்கு யார் ஏற்றம் பூட்டியது என்று தொடங்கிய வாய்த்தகராறு, கடைசியில் "இனி உன் வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்பதில் போய் நின்றது. சொன்னது பெரியவர். சொன்னதைச் சாதித்தும் காட்டினார்.

இத்தனைக்கும் வெட்டுக்குத்து, கோர்ட்டு என்று எதுவும் இல்லை. எதிரில் பார்த்தால் இருவரும் வானத்தைப் பார்ப்பார்கள். மழை வருமா என்று பார்க்கிறாற்போல ஒரு பாவனை. பங்குனி வெயிலில் கூடப் பார்ப்பார்கள்.

பாதிக்கப்பட்டவள் சரசுதான். அவள் பெரியப்பாவின் தோளில் உட்கார்ந்தே வளர்ந்தவள். அவருக்குப் பெண் குழந்தை கிடையாது. கல்யாணப் பேச்சு வந்ததிலிருந்து அவள் கேட்ட ஒரே கேள்வி, "பெரியப்பா வருவாராம்மா?" என்பதுதான். எங்களவர் கல்யாணத்தில் மூத்த பங்காளி வந்து நிற்காவிட்டால், சபையில் எல்லோர் கண்ணும் அந்தக் காலி இடத்தைத்தான் பார்க்கும். தம்பியான மாமா போய்க் கூப்பிட மாட்டார். பெரியவர் கூப்பிடாமல் வரமாட்டார்.

இந்த நிலையில் வந்ததுதான் கம்பளம். அது வெறும் விரிப்பாக இருந்தால் நாங்கள் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டோம்.

விளிம்பு

விரிப்பதற்கே பெரும்பாடு. எங்கள் முன்கூடத்தில் விரித்ததும் கூடமே சிறுத்துப் போனது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பார்த்தார்கள், சுற்றிக்கொண்டு போய் ஓரத்துச் சிமிட்டித் தரையில் உட்கார்ந்தார்கள். "மேல உக்காருங்க" என்று மாமா எவ்வளவோ சொன்னார். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் மட்டும் ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்று விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

தட்டு மாற்றி முடிந்ததும் எல்லோரும் பின்கட்டில் பந்திக்குப் போய்விட்டார்கள். கூடத்தில் நான், சரசு, அத்தை மூவர்தான். அத்தை சரசுவை மணையில் நிறுத்தி ஆரத்தி சுற்றினார். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த செந்நீர், பித்தளைத் தாம்பாளம் நிறைய. சுற்றி முடித்து, வாசலில் கொண்டுபோய் ஊற்றத் திரும்பினார்.

எங்கள் கால்களுக்குப் பாய் தெரியும், ஜமக்காளம் தெரியும். தரையிலிருந்து ஒரு விரற்கடை உயர்ந்து நிற்கும் விளிம்பைத் தெரியாது. அத்தையின் கால்விரல் அதில் மாட்டியது. அவர் விழவில்லை. தாம்பாளம் விழுந்தது.

சந்தன நிறத்தின் மேல் முறம் அகலத்துக்குச் செக்கச்செவேல் என்று பரவியது. பந்தியில் பாயசம் கேட்கும் குரல் மட்டும் கேட்டது.

ஆரத்தித் தண்ணீர் என்பது வெறும் சாயத் தண்ணீர் அல்ல என்பது நம் பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெண்ணின் மேல் விழுந்த கண்ணையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டு போவது அது. தெருவில் ஊற்றினால் தாண்டக்கூட மாட்டோம். அதை அண்ணன் வீட்டுக் கம்பளத்தில் கொட்டி, சுருட்டி, திருப்பி அனுப்பினால் என்ன அர்த்தம்? "எங்கள் திருஷ்டி உங்கள் வீட்டில் கிடக்கட்டும்" என்று அர்த்தம். எட்டிப் பார்த்த உறவு அதோடு முடிந்துவிடும்.

"சந்தை நாளுக்குள்ள இந்தக் கறை போகோணும்" என்றார் அத்தை. "உங்க மாமாகிட்ட மூச்சு உடப்படாது." பந்தி எழுவதற்குள் மூவருமாகக் கம்பளத்தைச் சுருட்டிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்விட்டோம்.

ஆளுக்கொரு வைத்தியம்

கறை போக்குவதில் அத்தை கைகாரர். வேட்டியில் வெற்றிலைச் சாறா, பாலில் ஊறவைப்பார். துருக்கறையா, எலுமிச்சையும் உப்பும். எண்ணெய்ப் பிசுக்கா, அரிசி மாவைத் தூவி ஒரு பகல் விட்டுவிடுவார். வாழைக்கறையைப் பற்றி மட்டும் பேசமாட்டார். அது அவரைப் பல வருஷமாகத் தோற்கடித்துக்கொண்டிருந்தது.

அவர் வைத்தியமெல்லாம் பருத்திக்குத்தான். கம்பளி அவருக்குப் புதிது. முதல் நாள் கையில் கிடைத்த புளித்த மோரை ஊற்றினார், மஞ்சளானது. மறுநாள் சோப்பு, சிவப்பானது. இதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

பக்கத்து வீட்டு மாராத்தாளிடம், கறை எதனுடையது என்று சொல்லாமல், பொதுவாகக் கேட்டோம். அடுப்புச் சாம்பலைக் கரைத்து ஊற்றச் சொன்னாள். ஊற்றினோம். முன்னைவிடச் சிவந்தது. அவளே பிறகு, "புளிச்ச கள்ளு எதையும் அரிச்சுப்போடும்" என்றாள். கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் கள்ளுக்குப் பஞ்சமா? ஒரு செம்பு வந்தது. ஊற்றியதும் மறுபடி மஞ்சள். கிணற்றடி முழுக்கக் கள்ளுக்கடை நாற்றம்.

"கறை போகுதோ இல்லியோ, கம்பளம் போதையில கெடக்குது" என்றார் அத்தை. சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்து, சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "எங்கைதான் தட்டை உட்டுது அம்மிணி. எம்பொண்ணு கலியாணத்துக்கு நானே எமனாப் போயிட்டேன்."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பயந்துகொண்டிருந்த பெண்மணி இப்படி ஈரப் பாறையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தபோது எனக்குப் பயம் விட்டுப்போனது. அவர் மேல் முதன்முதலாகப் பாசம் வந்ததும் அன்றுதான்.

தாம்பாளம்

சாயங்காலம் பாத்திரம் துலக்க உட்கார்ந்தேன். அந்த ஆரத்தித் தாம்பாளம் பட்டும் படாமல் கழுவி மூலையில் சாத்தியிருந்தது. விளிம்பில் சிவப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. பித்தளைக்குப் புளிதானே போடுவோம். புளியை வைத்துத் தேய்த்தேன், சிவப்பு மஞ்சளானது. பளபளப்புக்குச் சாம்பலைத் தொட்டேன், மஞ்சள் சிவந்தது. புளியை மறுபடி வைத்தேன், மஞ்சள்.

"அத்தை, சித்த இங்க வாங்க" என்று கூப்பிட்டேன்.

அத்தையும் வந்து ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். பிறகு சரசு தேய்த்தாள். மூவரும் மாற்றி மாற்றித் தேய்த்ததில் தாம்பாளம் அதன் வாழ்நாளில் அப்படிப் பளிச்சிட்டதில்லை.

"சுண்ணாம்பு சேந்தாச் செவப்பு, புளிப்பு சேந்தா மஞ்சளு" என்றார் அத்தை மெதுவாக. "சோப்பும் சாம்பலும் சுண்ணாம்புக்குச் சொந்தமாட்ட இருக்குது."

"அப்பத் திரும்பி வரலீங்க. வெறும் மஞ்சள்தானுங்க."

அவருக்கு அது முழுச் சமாதானம் இல்லை. ஆனால் அடுத்த நாள் காலை கையில் சோப்பைத் தொடவில்லை.

கம்பளி ஆட்டு மயிர்தானே, பட்டுச் சேலைக்கும் தலைக்கும் போடுவதைத்தானே போட வேண்டும் என்று பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்தோம். நுரையை மட்டும் வழித்துக் கறையின் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே கொண்டுபோனோம். தேய்க்கவில்லை, பழைய வேட்டியை மடித்து ஒற்றி ஒற்றி எடுத்தோம். பிறகு தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாறு, பிறகு நல்ல தண்ணீர். படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். வெந்நீர் வேண்டாம், கம்பளி சுருண்டுவிடும்.

சிவப்பு பேருக்குக்கூட இல்லை. கள் வாடையும் போயிற்று. ஆனால் மஞ்சள் மட்டும் அப்படியே கிடந்தது. எத்தனை ஒற்றியும் ஒரு அளவுக்கு மேல் இளகவில்லை.

மறைக்க முடியாத மருந்து

மஞ்சள் எதற்கு அடங்கும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். மாரியம்மனுக்கு மஞ்சள் நனைத்த சேலையை நிழலில்தான் காயப்போடுவோம். வெயிலில் போட்டால் ஒரே பகலில் வெளுத்துவிடும்.

"வெயிலுங்க" என்றாள் சரசு கடைசியில்.

வெயில் இருக்கும் ஒரே இடம் களம். களத்துக்கு நேர் எதிரே கிணறு, கிணற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய மாமாவின் தென்னந்தோப்பு. அவர் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பது அங்கேதான். நாங்கள் துவைத்த பாறை கிணற்று மேட்டுக்கு மறைவில் இருந்தது, களத்துக்கு எந்த மறைவும் கிடையாது. கறையைப் போக்க வேண்டுமானால் கறையை அவர் கண் முன்னால் விரித்துவைக்க வேண்டும்.

அத்தை முடியாது என்றார். பிறகு, உச்சி நேரத்தில் அவர் சாப்பிட்டுத் தூங்கப் போவார், அப்போது போட்டு எடுத்துவிடலாம் என்றார். மறுநாள் சந்தை, வேறு பகல் கிடையாது.

ஈரக் கம்பளம் என்ன கனம் என்பதை இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்று பெண்கள் சேர்ந்து பாயில் போட்டு இழுத்துக் களத்தில் விரித்தோம். வெயில் அடித்தது. கொஞ்ச நேரத்திலேயே மஞ்சள் மங்கத் தொடங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. அத்தை அதன் பக்கத்திலேயே நின்றார், யாரோ தூக்கிக்கொண்டு போய்விடுவதுபோல.

சந்தைக்கு முந்தின நாளில் மாட்டு வியாபாரி தூங்குவாரா? அதை நாங்கள் யோசிக்கவில்லை.

"யாரு அதை வெயில்ல போட்டது?"

கிணற்று மேட்டிலிருந்து குரல் வந்தது. பெரிய மாமா துண்டைக்கூடத் தோளில் போடாமல் விறுவிறுவென்று வரப்பைத் தாண்டினார், களத்தில் ஏறினார். அத்தை சட்டென்று வைக்கோற்போருக்குப் பின்னால் போய்விட்டார். கணவரின் அண்ணனான மச்சாண்டார் முன்னால் அவர் நிற்பதும் இல்லை, பேசுவதும் இல்லை. குரல் கேட்டு வயலிலிருந்து மாமாவும் வந்துவிட்டார். விஷயமே தெரியாமல் களத்தின் அந்தக் கோடியில் நின்று வானத்தைப் பார்த்தார்.

நடுவில் நான்.

"அம்மிணி, உங்க மாமனாருகிட்டக் கேளு. கம்பளிய வெயில்ல போட்டாச் சாயம் போயிருமுன்னு தெரியாதான்னு கேளு."

அந்தக் கோடியிலிருந்தே மாமா சொன்னார், "கம்பளத்துக்கு என்னாச்சுன்னு எனக்கே தெரியாதுன்னு சொல்லம்மிணி."

நான் இந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை, அந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை சொன்னேன். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை இருவரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

பெரிய மாமா குனிந்து மஞ்சளைப் பார்த்தார். "இதென்ன?"

மஞ்சள் கொட்டிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பொய்கூட இல்லை. நான் வாயெடுப்பதற்குள் வைக்கோற்போருக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஆரத்தின்னு சொல்லு அம்மிணி. எங்கை தவறித்தான் கொட்டிப்போச்சு. மனசறிஞ்சு பண்ணலீன்னு சொல்லு. பெரியவரு காலு கழுவி மன்னிப்புக் கேக்கறேன், எம்புள்ளை கலியாணத்துக்கு வராம மட்டும் இருக்க வேண்டாமுன்னு சொல்லு."

இதை நான் திருப்பிச் சொல்லவில்லை.

மாமா வானத்தைப் பார்ப்பதை விட்டு முதன்முறையாகக் கம்பளத்தைப் பார்த்தார். பெரிய மாமா கம்பளத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையை அந்த மஞ்சள் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார்.

"சரசுக்குச் சுத்துனதா?"

"ஆமாங்க மாமா."

"சரசுக்குச் சுத்துனது என்னைய என்ன பண்ணிப்போடும்?"

சரசு எங்கே நின்றாள் என்று எனக்கு நினைவில்லை. அவள் அழுத சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

பெரிய மாமா கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி அடியில் கை விட்டார். முகம் கடுத்தது. வியாபாரி முகம் திரும்பிவிட்டது. "அடிப்பக்கம் சொதசொதன்னு இருக்குது. இப்பிடியே உட்டா நாளைக்கு மக்கிப்போகும். திருப்பிப் போடோணும். புடி அம்மிணி."

பிடித்தேன். அசையவில்லை. அவரும் மூச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் சேர்ந்து அது ஒரு சாண்கூட எழும்பவில்லை. ஓரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தார். களத்தில் இருந்த இன்னொரு ஆண்பிள்ளை ஒருவர்தான். இந்த முறை அவர் என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

"டேய் பழனி, நின்னு பாத்துட்டே இருக்கறயே. அந்தத் தலைப்பப் புடிடா."

மாமா வேகமாக வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"இந்த முனையாங்ணா?"

"அதேதான். தூக்கு."

தூக்கினார்கள். கம்பளம் புரண்டு விழுந்தது. தண்ணீர் தெறித்து இருவர் வேட்டியும் நனைந்தது. மஞ்சள் ஊறியிருந்த அடிப்பக்கத்தில் வெயில் விழுந்தது.

நான் மோர் கொண்டுவந்தேன். பெரிய மாமா நின்றபடியே குடித்தார். செம்பைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

"நாளைக்குச் சந்தை வண்டியில ஏத்தி உட்ரட்டுங்களா மாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? கலியாணத்துக்கு மறுபடி விரிக்கோணுமல்லோ. இங்கியே கெடக்கட்டும்." கிணற்று மேட்டில் ஏறி நின்று திரும்பினார். "எல்லாஞ் செஞ்சு முடிச்சுப்போட்டு நான் போறப்ப எடுத்துட்டுப் போயிக்கறேன்."

அவர் தோப்புக்குள் மறையும்வரை மாமா கம்பளத்தின் முனையைப் பிடித்தபடியே நின்றார். விரிக்க வேண்டியதெல்லாம் விரித்தாயிற்று. நான்தான் பக்கத்தில் போய், "விட்ருங்க மாமா" என்று சொல்லி அதை அவர் கையிலிருந்து வாங்கினேன்.